‘இது நமக்குள்ள இருக்கட்டும்’: குரூமிங் நடக்கும் விதம்

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் என் பக்கத்தில் உட்கார்ந்து கேம் ஆடிக்கொண்டிருந்தான். 11 வயது. ஆட்டத்தின் நடுவில் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து மட்டும் நகர்த்திக்கொண்டு கேட்டான்: “மாமா, ஒரு அண்ணா எனக்கு ஸ்கின் கிஃப்ட் பண்றேங்கறாங்க. வாங்கிக்கட்டுமா?”

ஸ்கின் என்றால் விளையாட்டில் நம் பாத்திரத்துக்கு மாட்டிவிடும் உடுப்பு. பெரும்பாலான கேம்களில் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்த வயதில் அது இல்லாமல் ஆடுவது கிழிந்த சட்டையோடு வகுப்புக்குப் போவது மாதிரி.

“யாருடா அந்த அண்ணா?”

“நம்ம டீம்தான் மாமா. டெய்லி ஆடுவோம். ரொம்ப நல்லவங்க.”

“பேரென்ன?”

சொன்னான். ஒரு விலங்கின் பெயர், பின்னால் நான்கு எண்கள்.

“என்ன பண்றாங்க?”

“காலேஜ் படிக்கிறாங்களாம்.”

அந்த ‘ஆம்’ என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மாதப் பழக்கம். தினமும் ஒரு மணி நேரப் பேச்சு. ஆனாலும் அந்த அண்ணாவைப் பற்றி இவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அண்ணாவே சொன்னது. அவர் உண்மையிலேயே ஒரு நல்ல கல்லூரிப் பையனாக இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. சிக்கலே அதுதான். நல்ல நட்பும் கெட்ட நோக்கத்தோடு வரும் நட்பும் முதல் இரண்டு மாதம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கெட்ட நோக்கத்தோடு ஒரு குழந்தையிடம் நெருங்கி, நம்பிக்கையைச் சம்பாதித்து, மெல்ல மெல்லத் தன் வழிக்குக் கொண்டுவருவதைத்தான் குரூமிங் என்கிறார்கள். அந்த ஆங்கிலச் சொல் குதிரையைத் தேய்த்து, வாரி, பழக்குவதற்கும் வழங்குவது. தமிழில் ‘பேசியே வளைத்துப்போடுவது’ என்றால் அர்த்தம் கிட்டத்தட்ட வந்துவிடும். பெரும்பாலும் முடிவில் இருப்பது பாலியல் சுரண்டல். சில சமயம் பணம்.

நாம் குழந்தைகளுக்குக் காலங்காலமாகச் சொல்லிவரும் பாடம் ‘தெரியாதவங்ககிட்ட பேசாதே’ என்பது. குரூமிங்கின் முன் இந்தப் பாடம் செல்லாது. தெரியாதவரைத் தெரிந்தவராக ஆக்குவதுதான் குரூமிங்கின் முழு வேலையே. அந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு என் அக்கா மகனிடம் போய் ‘தெரியாதவங்க’ என்று சொன்னால், அவன் மனதில் வேறு யாரோ ஒரு மீசைக்காரன் வந்து நிற்பானே தவிர இந்த அண்ணா வரமாட்டார். போதாக்குறைக்கு, இந்த வேலையைச் செய்கிறவர் டியூஷன் வாத்தியாராகவோ, விளையாட்டுப் பயிற்சியாளராகவோ, உறவுக்காரராகவோ கூட இருக்கலாம். அவர்கள் முன்பே தெரிந்தவர்கள். அதனால் ‘யார்’ என்பதைவிட ‘என்ன கேட்கிறார்’ என்பதைக் கவனிக்கப் பழக்குவதுதான் உபயோகம்.

படிகள்

முதலில் ஆள் தேடல். இதில் பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஒரே ‘ஹாய்’ நூறு பேருக்குப் போகும்; பதில் சொல்கிற ஐந்து பேரோடு பேச்சு தொடரும். எல்லோரும் பார்க்கும்படி திறந்து கிடக்கும் கணக்கு, சீருடையில் எடுத்த படம், ‘போர் அடிக்குது’, ‘என்ன யாருக்கும் புரியல’ என்ற மாதிரி ஸ்டேட்டஸ் வரி, இவை எல்லாம் வேலையைச் சுலபமாக்கும்.

பிறகு நல்லவராக இருத்தல். இந்தக் கட்டம்தான் நீளமானது. பெரியவர்கள் குறைத்து எடைபோடுவதும் இதைத்தான். அந்த ஆள் காது கொடுத்துக் கேட்பார். பரீட்சை எப்படிப் போச்சு என்று ஞாபகமாக விசாரிப்பார். அடிக்கடி திட்டு வாங்கும் பிள்ளைக்கு, திட்டாத ஒரு பெரியவர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஏன் இப்படி ஏமாறுதுங்க’ என்று யாராவது கேட்கும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அன்பாகப் பேசினால் நாமும்தான் இளகுகிறோம்.

அடுத்தது இடம் மாற்றுதல். “இங்க லேக் ஆகுது, அந்த ஆப்புக்கு வா, ஃப்ரீயா பேசலாம்.” எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. கேமுக்குள்ளே நடக்கும் உரையாடலுக்கு ஓரளவு காவல் உண்டு: கெட்ட சொற்களை மறைக்கும் வடிகட்டி இருக்கும், புகார் வந்தால் எடுத்துப் பார்க்க ஆள் இருக்கும். தனி மெசேஜ் ஆப்பில் செய்திகள் அனுப்புபவர், பெறுபவர் இருவருக்கு மட்டுமே தெரியும்படி குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம். பார்த்ததும் அழியும்படி வைத்துக்கொள்ளவும் முடியும். குறியாக்கம் நல்ல விஷயம்தான், நம் எல்லோருடைய அந்தரங்கத்தையும் அதுதான் காக்கிறது. ஆனால் ஒரு பெரியவர் 11 வயதுப் பிள்ளையை அங்கே கூப்பிட அவசியமே இல்லை.

அதன் பின் ரகசியம். பெரிய ரகசியம் எதுவும் முதலில் வராது. “ஸ்கின் நான் தந்தேன்னு அம்மாகிட்ட சொல்லாதே, கேமையே நிறுத்திடுவாங்க. இது நமக்குள்ள இருக்கட்டும்.” கேட்பதற்கு அக்கறை மாதிரியே இருக்கும். உண்மையில் இது ஒரு சோதனை. பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டால் அந்த ஆள் நழுவிவிடுவார். சொல்லாவிட்டால் அவருக்கு இரண்டு லாபம்: இந்தப் பிள்ளை வாயைத் திறக்காது என்று தெரிந்துவிடுகிறது, பிள்ளையின் மனதிலோ ‘நானும் பொய் சொல்லிட்டேனே’ என்ற குற்ற உணர்வு விழுந்துவிடுகிறது. நாளைக்குப் பெரிதாக ஏதாவது நடக்கும்போது பிள்ளையின் வாயை அடைப்பது அந்தக் குற்ற உணர்வுதான்.

மீதி வேகமாக நடக்கும். ‘உங்க வீட்ல உன்ன யாரும் புரிஞ்சுக்க மாட்டேங்கறாங்க’ என்று வீட்டிலிருந்து பிரிப்பது. வேடிக்கை போல, பந்தயம் போல பேச்சைப் பாலியல் பக்கம் திருப்புவது. ஒரு போட்டோ கேட்பது. முதலில் சாதாரணமான படம், பிறகு சாதாரணமில்லாத படம். அது கைக்குப் போனதும் அன்பு முடிந்து மிரட்டல் தொடங்கும்.

சட்டங்களும் இந்தப் படிகளை மெதுவாகத்தான் புரிந்துகொண்டன. ஐரோப்பிய கவுன்சிலின் லான்சரோட்டே ஒப்பந்தம் 2007ல் இணையவழிக் குரூமிங்கைக் குற்றமாக்கச் சொன்னபோது, பெரியவர் நேரில் சந்திக்க அழைத்து அதற்கான ஏற்பாட்டில் இறங்கியிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. சந்திப்பே இல்லாமல் திரை வழியாகவே முழுச் சுரண்டலும் நடக்கும் என்பது பிறகுதான் உறைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குழந்தையோடு பாலியல் நோக்கத்தில் பேசுவதே தனிக் குற்றம் என்ற சட்டம் 2017ல் நடைமுறைக்கு வந்தது.

அவசர வடிவம்

மேலே சொன்னது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடப்பது. இதே கதையைச் சில மணி நேரத்தில் முடிக்கும் வடிவமும் உண்டு. செக்ஸ்டார்ஷன் என்று பெயர். அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டிப் பறிப்பது, பெரும்பாலும் பணத்தை. ‘பெண் குழந்தைதான் ஜாக்கிரதையா இருக்கணும்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பணத்துக்கான இந்த மிரட்டலில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது.

இரவு பத்து மணிக்கு அதே வயதுப் பெண்ணின் படத்தோடு ஒரு கணக்கு பேச வரும். பதினோரு மணிக்கு அந்தப் பெண் தன்னுடையது என்று ஒரு படம் அனுப்பி, ‘இப்ப உன்னோடது’ என்று கேட்பாள். பையன் அனுப்பிய அடுத்த நிமிடம் எதிரே பேசுவது பெண்ணே அல்ல என்பது தெரியும். பையனின் நண்பர்கள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். ‘பணம் அனுப்பு, இல்லேன்னா இவங்க எல்லாருக்கும் போகும். பத்து நிமிஷம் டைம்.’ இது தனியொருவரின் வக்கிரமாக இல்லாமல் ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2024 ஜூலையில் இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனம் நைஜீரியாவிலிருந்து இயங்கிய சுமார் 63,000 இன்ஸ்டாகிராம் கணக்குகளை இந்தக் காரணத்துக்காக நீக்கியது. அவற்றின் முக்கியக் குறி வயதுவந்த ஆண்கள். ஆனால் சிறுவர்களை வளைக்கும் முயற்சிகளும் அவற்றில் இருந்தன.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. பிள்ளை எதையுமே அனுப்பியிருக்க வேண்டியதில்லை. பொதுவில் கிடக்கும் சாதாரண முகப் படத்தை எடுத்து, செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் நிர்வாணப் படமாக்கி மிரட்டுகிறார்கள். ‘நான் அனுப்பவே இல்லையே, யார் நம்புவாங்க’ என்று அந்தப் பிள்ளை தவிக்கும். படம் நிஜமா பொய்யா என்ற விசாரணையை அந்த நேரத்தில் வீட்டில் தொடங்கிவிடாதீர்கள்.

அந்த ‘பத்து நிமிஷம்’ என்பதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. பிள்ளை யாரிடமும் கேட்டுவிடக் கூடாது. 2012ல் கனடாவில் 15 வயதுப் பெண் ஒருத்தி, தன் படத்தை வைத்து நடந்த நீண்ட மிரட்டலுக்கும் அதைத் தொடர்ந்த கேலிக்கும் ஆளாகி உயிரை விட்டாள். மிரட்டியவன் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில் இருந்தான். அவனுக்கு 2022ல்தான் கனடாவின் நீதிமன்றம் 13 ஆண்டுச் சிறை விதித்தது. நீதி வந்து சேரப் பத்து வருஷம் ஆகலாம். வீட்டில் ஒருவரிடம் சொல்ல ஒரு நிமிஷம் போதும், அந்த ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

நடந்துவிட்டால்

முதலில் வாயில் வர வேண்டிய சொல்: “நீ சொன்னது நல்லதாப் போச்சு. தப்பு அவன் மேல.” அறிவுரை எதுவானாலும் ஒரு வாரம் கழித்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்பக் கூடாது. ஒரு தடவை கொடுத்தால் ‘இங்கே பணம் வரும்’ என்றுதான் அவர்கள் குறித்துக்கொள்வார்கள். அடுத்த மிரட்டல் அதே இரவில் வரும். இன்னொரு படமும் அனுப்பக் கூடாது. பயத்தில் உரையாடலை அழித்துவிடவும் கூடாது, அதுதான் சாட்சி. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். மேலே காட்டும் பெயர் மட்டும் போதாது, அதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் யூசர்நேம், ப்ரொஃபைல் இணைப்பு, பணம் கேட்ட கணக்கு எண், தேதி, நேரம் எல்லாம் வேண்டும். அதன் பிறகு அந்தத் தளத்தில் புகார், அதன் பிறகு பிளாக். வரிசை மாறினால் சில ஆப்களில் உரையாடலே கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பதற்றத்தில் அந்தப் படத்தையே ‘பாருங்க, என்ன பண்ணியிருக்கான்னு’ என்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்புகிற பெற்றோர் உண்டு. குழந்தையின் அந்த மாதிரிப் படத்தை யார் யாருக்கு அனுப்பினாலும் பெரும்பாலான நாடுகளில் குற்றம். நல்ல எண்ணம் இருந்தாலும் கூட. படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும். போலீசிடம் போனைக் காட்டினால் போதும். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண்ணையும் சைபர் குற்றப் புகார் எண்ணையும் இன்றைக்கே போனில் சேமித்து வையுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

படம் இணையத்தில் ஏறிவிட்டால், ஏறிவிடுமோ என்ற பயம் இருந்தாலும், உதவக்கூடிய ஒரு சேவை ‘டேக் இட் டவுன்’. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023ல் அறிமுகப்படுத்தியது. எந்த நாட்டில் இருப்பவரும் பெயர் சொல்லாமல் இலவசமாகப் பயன்படுத்தலாம். இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் விசேஷம். படத்தைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் போனுக்குள்ளேயே ஒரு கணக்கீடு ஓடி, அந்தப் படத்துக்கே உரிய எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரம் ஒன்றை உண்டாக்குகிறது. ஹேஷ் என்பார்கள். கைரேகையை வைத்துக்கொண்டு ஒருவரின் முகத்தை வரைய முடியாது; அதுபோல ஹேஷை வைத்துக்கொண்டு படத்தை மீட்க முடியாது. அந்தச் சரம் மட்டும் வெளியே போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற, இதில் சேர்ந்திருக்கும் தளங்கள் தங்களிடம் பொதுவில் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டு, பொருந்தினால் நீக்கும். படம் எடுத்தபோது வயது 18க்குக் கீழ் இருந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்களுக்கு ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்று இதே வகையில் இன்னொரு சேவை இருக்கிறது.

எல்லாவற்றையும் இது துடைத்துவிடாது. சேராத தளங்களிலும் குறியாக்கம் செய்த மெசேஜ்களிலும் இதன் கை எட்டாது. பெயர்க் குழப்பம் வேறு: இதே ‘டேக் இட் டவுன்’ என்ற பெயரில் அமெரிக்காவில் 2025 மே மாதம் ஒரு சட்டமும் வந்தது. சம்மதமில்லாத அந்தரங்கப் படத்தை, செயற்கை நுண்ணறிவில் செய்த போலிகளையும் சேர்த்து, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். சேவை வேறு, சட்டம் வேறு.

நடப்பதற்கு முன்

போனின் அமைப்புகளில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கணக்கை பிரைவேட் ஆக்குங்கள், நண்பர்கள் மட்டுமே மெசேஜ் அனுப்பும்படி வையுங்கள், நண்பர்கள் பட்டியலை மறைக்க முடிந்தால் மறையுங்கள் (மிரட்டுகிறவனுக்கு அதுதான் ஆயுதம்), கேமராவுக்கும் ஆப்களுக்கும் லொகேஷன் அனுமதியை எடுத்துவிடுங்கள். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரிலிருந்து 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் கணக்குகளைத் தானாகவே பிரைவேட் ஆக்கத் தொடங்கியது. ஆனால் பதிவுசெய்யும்போது பிள்ளை பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டிருந்தால் அந்தக் காவல் கிடைக்காது. உட்கார்ந்து அந்த வருஷத்தை ஒரு தடவை பாருங்கள்.

‘13 வயசு ஆயிடுச்சே, இனி பரவாயில்லை’ என்பவர்களுக்கு ஒரு தகவல். அந்த 13 ஏதோ மனநல மருத்துவர்கள் பக்குவத்தை அளந்து சொன்ன வயதில்லை. 1998ல் அமெரிக்கா கொண்டுவந்த காப்பா என்ற சட்டம், 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்ட வேண்டுமானால் பெற்றோர் அனுமதி வேண்டும் என்றது. அந்தத் தொல்லை வேண்டாமென்று நிறுவனங்கள் 13க்குக் கீழே சேர்ப்பதில்லை என்று எழுதி வைத்துக்கொண்டன. விளம்பரத்துக்கான தகவல் சேகரிப்பு விவகாரத்தில் பிறந்த எண் அது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பெரிய சமூக ஊடகங்களில் 16க்குக் கீழ்ப்பட்டவர்கள் கணக்கு வைக்கத் தடை போட்டிருக்கிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கேம்களும் மெசேஜ் ஆப்களும் அந்தத் தடைக்குள் வரவில்லை, நான் மேலே சொன்ன கதை நடப்பதோ அந்த இரண்டுக்கும் நடுவில்.

போனை ஒளிந்திருந்து கண்காணிக்கும் ஆப்கள் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கண்காணிப்பு இருக்கட்டும், அதுவும் பிள்ளைக்குத் தெரிந்தே. 15 வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்த அன்றே இரண்டாவது கணக்கு திறந்துவிடும். அந்தக் கணக்கு உங்கள் கண்ணில் படவே படாது.

இதைவிட எனக்குப் பலன் தருவதாகத் தோன்றுவது சின்னச் சின்னப் பேச்சுகள். சிறு பிள்ளைகளுக்கு ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுக்கலாம். சர்ப்ரைஸுக்கு ஒரு தேதி உண்டு: பிறந்தநாள் அன்றைக்கு உடைந்துவிடும். ‘எப்பவுமே யார்கிட்டயும் சொல்லாதே’ என்றால் அது சர்ப்ரைஸ் இல்லை. வந்து சொல்லிவிட வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கு நழுவ ஒரு சாக்கு கொடுத்து வைக்கலாம்: “எங்கம்மா தினமும் என் போன பார்ப்பாங்க.” நீங்கள் பார்ப்பதே இல்லை என்றாலும் இந்தப் பொய்யைத் தாராளமாகச் சொல்லட்டும். மூஞ்சியில் அடித்தாற்போல ‘முடியாது’ என்று சொல்ல அந்த வயதில் கூச்சமாக இருக்கும். பழியை உங்கள் மேல் போடுவது சுலபம்.

இன்னொன்று, எனக்கே கஷ்டமானது. பிள்ளை எதையாவது வந்து சொன்னால் போனைப் பிடுங்கக் கூடாது. பிள்ளைகள் மறைப்பதற்குப் பாதிக் காரணம் வெட்கம் என்றால் மீதிக் காரணம் போன் போய்விடுமே என்ற பயம். ‘உண்மையைச் சொன்னால் தண்டனை’ என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் அடுத்த தடவை சொல்ல வரமாட்டார்கள். அடுத்த தடவைதான் பெரியதாக இருந்து தொலைக்கும்.

அன்றைக்கு என் கையும் ஹெட்செட்டை நோக்கித்தான் போனது. அடக்கிக்கொண்டு சொன்னேன், “கிஃப்ட் அப்புறம் இருக்கட்டும். எங்க மாமாவும் பக்கத்துல இருக்காரு, அவரும் பேசணும்கறாருன்னு சொல்லு.”

மைக்கில் சொன்னான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ‘அப்புறம் வரேன்’ என்று ஒரு வரி திரையில் வந்தது. அம்மா கூப்பிட்டிருக்கலாம், நெட் போயிருக்கலாம். ஸ்கின் வரவில்லை. அந்த விலங்குப் பெயரும் அதன் பிறகு அவன் டீமில் வரவில்லை. “உங்களாலதான் மாமா” என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை.

மூன்றாவது நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நீட்டினான். இலவசமாக நாணயங்கள் தருவதாக ஏதோ ஒரு லிங்க்.

“மாமா, இது ஃபேக் தானே?”